அலுமினிய விமானத்தின் வால் பகுதி: கண்ணில் படும் குறையிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

சொந்தப் பட்டறையில் அலுமினிய விமானம் கட்டுபவர்கள் பெரும்பாலும் வால் பகுதியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கிடை ஸ்டெபிலைசர், நெடு ஸ்டெபிலைசர் (அசையாத வால் பரப்புகள்), ரடர் (நெடு ஸ்டெபிலைசரின் பின்னால் அசையும் பரப்பு), இரண்டு எலிவேட்டர்கள் (கிடை ஸ்டெபிலைசரின் பின்னால் அசைபவை) ஆகிய ஐந்தும் ஒரு பெரிய மேசையில் அடங்கிவிடும்; ஒரு தகடு கெட்டுப்போனாலும் இறக்கைத் தகட்டோடு ஒப்பிட்டால் இழப்பு குறைவு. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு முரண் இருக்கிறது. விமானத்திலேயே மிக மெல்லிய தகடுகள், ஏறத்தாழ 0.4 முதல் 0.8 மி.மீ. வரையிலானவை, இங்கேதான் வருகின்றன. அவற்றைத்தான் பழகாத கை முதலில் தொடுகிறது. எனவே குறைகள் வரும். குறை தெரியும் இடத்தைத் திருத்தத் தொடங்குவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, அதற்கு இரண்டு மூன்று வேலைகளுக்கு முன்னால் என்ன செய்தோம் என்று திரும்பிப் பார்ப்பதே இந்த வழிமுறையின் அடிப்படை. ரிவெட்டில் (தகடுகளை இணைக்கும் ஆணி) தெரியும் குறை துளையிலும், துளையில் தெரியும் குறை ரிப்பிலும் (தகட்டுக்கு உள்ளே வடிவம் கொடுக்கும் குறுக்குச் சட்டம்), ரிப்பில் தெரியும் குறை மேசையிலும் பிறந்திருப்பது வழக்கம்.

கீழே சொல்லப்படும் அளவுகள் 2024-டி3 என்ற அலுமினியக் கலவைத் தகட்டுக்கும், 2117-டி4 கலவையில் செய்த 2.4 மி.மீ. (3/32 அங்குலம்), 3.2 மி.மீ. (1/8 அங்குலம்) ரிவெட்டுகளுக்கும் உரியவை. உங்கள் விமானத்தின் வரைபடம் வேறு அளவைச் சொன்னால் அதுவே முடிவானது. ரிவெட்டுக்கு இரண்டு தலைகள் உண்டு என்பதால், வாங்கும்போதே இருப்பதை ‘வந்த தலை’ என்றும், நாம் அடித்து உருவாக்குவதை ‘அடித்த தலை’ என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

வந்த தலைக்குக் கீழே இடைவெளி தெரிகிறது

0.05 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எடுத்துத் தலையின் விளிம்பில் செருகிப் பாருங்கள். அது தண்டைத் தொடும் வரை நுழைந்தால் ரிவெட் உட்காரவில்லை என்று பொருள். அடுத்து, தலை தகட்டை விட்டு எழும்பியிருக்கிறதா, அல்லது இரண்டு தகடுகளும் ஒன்றை ஒன்று விட்டு விலகியிருக்கின்றனவா என்பதைப் பிரித்தறிய வேண்டும். தகட்டின் விளிம்புக்கு எதிர்ப்புறம் ஒரு விளக்கை வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால் தகடுகளுக்கு நடுவே வெளிச்சக் கோடு தெரிகிறதா என்பது புலப்படும்.

தகடுகள் விலகியிருந்தால், இடையில் துளையிட்ட சுருளோ பிசிறோ சிக்கியிருக்கிறது, அல்லது பக்கத்துத் துளைகளில் கிளிக்கோ (தகடுகளைத் தற்காலிகமாகப் பிணைக்கும் பிடிப்பி) இல்லாமல் அடித்திருக்கிறீர்கள். அந்த நிலையில் தண்டு இரு தகடுகளுக்கும் நடுவிலேயே உப்பிவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் தகடுகள் நெருங்கமாட்டா. இதற்குக் கழற்றி மீண்டும் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தகடுகள் ஒட்டியிருந்து தலை மட்டும் ஒருபக்கமாக எழும்பியிருந்தால், துளை சாய்வாகப் போடப்பட்டிருக்கலாம் அல்லது ரிவெட் செட் (ரிவெட் அடிக்கும் காற்றுச் சுத்தியலான கன்னின் முனைத்துண்டு) சாய்ந்து பிடிக்கப்பட்டிருக்கலாம். சுற்றிலும் ஒரே சீராக எழும்பியிருந்தால், கன் தலையை அழுத்துவதற்கு முன்பே பக்கிங் பார் (அடியைத் தாங்கத் தண்டின் முனையில் பிடிக்கும் கனமான உலோகக் கட்டி) தண்டைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டது என்று கொள்ளலாம். ஒருவர் கன்னையும் மற்றொருவர் பாரையும் பிடிக்கும்போது இது அடிக்கடி நடக்கும். பார் பிடிப்பவர் தன் கையின் எடைக்கு மேல் அழுத்தக்கூடாது.

ஒரே ஒரு ரிவெட்டில் இடைவெளி இருந்தால் அடித்த விதத்தைச் சந்தேகியுங்கள். ஒரு வரிசை முழுவதும் இடைவெளி இருந்தால் அடித்த கையைக் குறை சொல்வதில் பயனில்லை. டிம்பிள் (தலை தகட்டு மட்டத்தில் அமரத் தகட்டையே அழுத்தி உண்டாக்கும் குழிவு) ஆழம் போதாமல் இருக்கிறது, அல்லது அடியில் உள்ள கவுண்டர்சிங்க் (அதற்காக உலோகத்தை வெட்டி எடுத்த குழிவு) ஆழம் குறைந்திருக்கிறது. வரிசையின் மிச்சத்தை அடிப்பதை நிறுத்திவிட்டு, தகட்டைப் பிரித்து டிம்பிளைப் பாருங்கள்.

அடித்த தலை சாய்ந்திருக்கிறது அல்லது ஒருபுறம் வழிந்திருக்கிறது

தண்டு தகட்டுக்கு வெளியே அதன் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடித்த பிறகு தலையின் விட்டம் தண்டு விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கும், உயரம் பாதியும் இருக்க வேண்டும். ஆகவே 2.4 மி.மீ. ரிவெட்டுக்கு 3.6 மி.மீ. அகலமும் 1.2 மி.மீ. உயரமும், 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 4.8 மி.மீ. அகலமும் 1.6 மி.மீ. உயரமும் இலக்கு. நீளம் மிகுந்தால் தண்டு மடங்கிச் சாயும். குறைந்தால் தலை தட்டையாகி மெலியும். வரைபடம் ஒரு நீளத்தைச் சொல்லும்போது அது சொல்லப்பட்ட தகட்டுக் கனத்துக்கு உரியது என்பதையும், ப்ரைமர் பூசிய மூன்று தகடுகள் சேரும் மூலையில் அது பொருந்தாமல் போகலாம் என்பதையும் நினைவில் கொண்டு, முதல் ரிவெட்டைச் செருகியதும் அளந்துவிடுவது நல்லது.

நீளம் சரியாக இருந்தும் தலை சாய்ந்தால், பார் தகட்டுக்கு இணையாக இல்லை. தலை எந்தப் பக்கம் வழிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பார் தகட்டை விட்டு விலகியிருந்தது. நீண்ட நேரம் மெல்ல மெல்ல அடிப்பதும் தவறு: ஒவ்வோர் அடியிலும் ரிவெட் கடினமாகிறது, கடைசியில் தலையின் ஓரம் வெடிக்கும். 2.4 மி.மீ. ரிவெட்டுக்கு ஏறத்தாழ 2.7 பார் (40 பிஎஸ்ஐ) காற்றழுத்தத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நொடிகளுக்குள் தலை உருவாகும்படி கன்னைச் சரிசெய்து கொள்ளுங்கள்.

இனி, கழற்றுவதா விடுவதா என்ற கேள்வி. தலை வட்டமாக இருந்து, துளையை முழுவதும் மூடி, உயரம் சற்றே குறைந்தோ மையம் சற்றே விலகியோ இருந்தால் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. தண்டு மடங்கி, துளையின் விளிம்பு வெளியே தெரிந்தால், அல்லது தலையில் வெடிப்பு இருந்தால் கழற்ற வேண்டும். என் முதல் ஸ்டெபிலைசரில் அழகுக்காக நான் கழற்றிய ரிவெட்டுகளில் பெரும்பாலானவை, பிறகு அவற்றின் இடத்தில் அடித்தவற்றைவிட நன்றாகவே இருந்தன. சுமாரான ரிவெட் சரியான துளையில் இருப்பது, அழகான ரிவெட் சிதைந்த துளையில் இருப்பதைவிட வலிமையானது.

ரிவெட்டைக் கழற்றியதும் துளை பெரிதாகிவிட்டது

கழற்றும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2117 கலவை ரிவெட்டின் வந்த தலையின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கும். அது கலவையைக் காட்டும் அடையாளம் என்றாலும், டிரில் பிட்டின் முனை வழுக்காமல் நிற்கவும் உதவுகிறது. (தலை மொழுக்கென்று குழியே இல்லாமல் இருந்தால் அது தூய அலுமினிய ரிவெட், கட்டமைப்பில் அதற்கு இடமில்லை.) 2.4 மி.மீ. ரிவெட்டுக்கு 40ஆம் எண் பிட், அதாவது 2.49 மி.மீ.; 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 30ஆம் எண் பிட், அதாவது 3.26 மி.மீ. முதலில் பிட்டைக் கையால் இரண்டு சுற்று திருப்பி மையம் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தலையின் உயரத்துக்கு மட்டும் துளையிடுங்கள். தகடு வரை போகக்கூடாது. பிறகு அதே அளவுள்ள பஞ்ச் கருவியை (மெல்லிய எஃகுக் கம்பி) துளையில் நட்டு ஒருபக்கமாகச் சாய்த்தால் தலை முறிந்து வரும். தண்டைத் தட்டி வெளியேற்றும்போது பின்புறம் துளையிட்ட மரக்கட்டையைத் தாங்கலாகக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் தகடு குழிந்துவிடும். தண்டு நகர மறுத்தால் சுத்தியலின் பலத்தைக் கூட்டாதீர்கள். அடித்த தலையைப் பக்கவெட்டும் பிளையரால் சிறிது சிறிதாகக் கிள்ளி எடுத்துவிட்டால் தண்டு தானே வழுக்கி வரும்.

இவ்வளவு செய்தும் துளை நீள்வட்டமாகிவிட்டால், 2.4 மி.மீ. ரிவெட்டையே மீண்டும் போட்டு அது நிரப்பிவிடும் என்று நம்புவது ஏமாற்றமாகவே முடியும். 3.2 மி.மீ. தண்டும் சிறிய தலையும் கொண்ட என்ஏஎஸ்1097 ரகம் இதற்கென்றே பலராலும் பயன்படுத்தப்படுகிறது. அதன் தலை பழைய டிம்பிளில் ஏறத்தாழ அப்படியே அமர்ந்துவிடும். ஆனால் துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்புக்குள்ள தூரத்தை முதலில் அளக்க வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஏசி 43.13-1பி கையேடு, இந்தத் தூரம் ரிவெட் விட்டத்தைப்போல இரு மடங்குக்குக் குறையக்கூடாது என்கிறது; அதாவது 2.4 மி.மீ. ரிவெட்டுக்கு 4.8 மி.மீ. போதும், 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 6.4 மி.மீ. வேண்டும். துளையைப் பெரிதாக்கும்போது இந்த எல்லையும் விலகிப் போகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விளிம்பு போதாவிட்டால் தானாக முடிவெடுக்காமல் வடிவமைப்பாளரைக் கேட்பதே சரி.

தகட்டில் பிறை வடிவத் தழும்பு விழுந்திருக்கிறது

ரிவெட் செட் தலையை விட்டு வழுக்கித் தகட்டைக் கடித்திருக்கிறது. தழும்பு மேலோட்டமாக இருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து மழுங்கச் செய்தால் போதும். நகம் சிக்கும் அளவு கூர்மையான ஓரம் மட்டும் மிஞ்சக்கூடாது. செட்டின் முகத்தில் ஒரு சுற்று நாடா ஒட்டிக்கொள்வதும், கன் தகட்டில் ஊன்றிய பிறகே விசையை இழுப்பதும், அடி முழுவதுமாக நின்ற பிறகே கன்னை எடுப்பதும் இதைத் தடுக்கும்.

டிம்பிளைச் சுற்றி விரிசல், அல்லது தகடு அலையலையாகத் தெரிகிறது

விரிசலுக்குக் காரணம் ஏறத்தாழ எப்போதும் துளையின் ஓரமே. டிம்பிள் அச்சு துளையின் விளிம்பை இழுத்து விரிக்கிறது. அந்த விளிம்பில் பிசிறோ, பஞ்ச் செய்த சொரசொரப்போ இருந்தால் அங்கிருந்து தகடு கிழியத் தொடங்கும். எனவே துளையை இறுதி அளவுக்கு டிரில்லோ ரீமரோ செய்து, பிசிறு நீக்கி, அதன் பிறகே டிம்பிள் செய்ய வேண்டும். 2022, 2023 ஆண்டுகளில் லேசரால் துளை வெட்டப்பட்ட தகடுகள் டிம்பிள் செய்யும்போது விரிசல் விட்டது கட்டுபவர்கள் பலரையும் பாதித்தது. விளிம்பு நீளாமல் முறிந்ததே அங்கும் நடந்தது. மறுபுறம், பிசிறு நீக்கும் கருவியை அழுத்திச் சுழற்றி துளை ஓரத்தைக் கத்திபோல மெலியச் செய்வதும் அதே விளைவைத் தரும். இரண்டு விரல்களில் பிடித்து இரண்டு சுற்று போதும். விரல் நுனியைத் துளையின் மேல் நகர்த்தினால் எதுவும் சிக்கக்கூடாது, கண்ணுக்குச் சரிவும் தெரியக்கூடாது. அதுவே சரியான அளவு.

விரிசல் விட்ட துளையை அப்படியே ரிவெட்டால் மூடிவிடக்கூடாது. மேலே சொன்ன பெரிய தண்டு ரிவெட்டுக்காகத் துளையிடும்போது விரிசல் முழுவதும் வெட்டுப்பட்டுப் போனால் சரி. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதன் நுனி இன்னும் தெரிந்தால் தகட்டை மாற்ற வேண்டும்.

அலையலையான தோற்றத்துக்குக் காரணம் வேறு. டிம்பிளைச் சாய்வாகப் பாருங்கள். சரியான டிம்பிளின் ஓரம் கூர்மையான வளையமாகத் தெரியும். அதைத் தாண்டியதும் கூரை விளக்கின் பிம்பம் நேர்கோடாக ஓடும். அடி போதாத டிம்பிளில் வளையம் மங்கலாகவும், சுற்றியுள்ள தகடு ஆழமற்ற கிண்ணம்போலவும் இருக்கும். பிம்பம் ஒவ்வொரு துளையை நெருங்கும்போதும் நெளியும். நீண்ட கை கொண்ட சட்டத்தில் வைத்துச் சுத்தியலால் ஒரே உறுதியான அடி கொடுப்பது, பல மெல்லிய அடிகளைவிட நல்ல வளையத்தைத் தருகிறது. கை ஸ்குவீசரில் (இடுக்கிபோல அழுத்தும் கருவி) அச்சுகள் ஒன்றை ஒன்று தொட்ட பிறகும் சிறிது அழுத்தம் மிஞ்சும்படி இடைவெளியை அமைக்க வேண்டும்.

கவுண்டர்சிங்க் ஆழமாகிவிட்டது

டிம்பிள் செய்ய முடியாத கனமான உறுப்புகளில், பொதுவாக 1 மி.மீ.க்கு மேற்பட்டவற்றில், 100 பாகைக் கவுண்டர்சிங்க் வெட்டுகிறோம். மைக்ரோஸ்டாப்பை (வெட்டும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் பிடி) ஒரு சொடுக்கு திருப்பினால் ஆழம் 0.025 மி.மீ. மாறும், எனவே கழிவுத் துண்டில் சரிபார்த்து, சொடுக்குச் சொடுக்காக இறங்க வேண்டும். மேலே வரும் தகடு டிம்பிள் செய்யப்பட்டதானால் அந்த டிம்பிள் உட்கார, ரிவெட் தலைக்குத் தேவையானதைவிடச் சற்று கூடுதல் ஆழம் வேண்டும். அதைத் தாண்டி வெட்டிவிட்டால் துளையின் ஓரம் கத்தி முனையாகி, துளையே பெரிதாகிறது. ஒன்றிரண்டு துளைகளில் இப்படி நேர்ந்தால் சமாளிக்கலாம். வரிசை முழுவதும் நேர்ந்தால் அந்த உறுப்பு கழிவுப் பெட்டிக்கு உரியது.

ரிப்பின் துளைகளும் மேல்தகட்டின் துளைகளும் பொருந்தவில்லை

புதியவர்கள் இந்த இடத்தில் டிரில்லை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். ரிப்பை மேசையில் படுக்க வைத்தால் அது வாழைப்பழம்போல வளைந்திருப்பதைக் காணலாம். ரிப்பின் விளிம்பை வளைவான கோட்டில் மடிக்கும்போது அங்கே உலோகம் மிகுதியாகச் சேர்ந்து ரிப்பையே வளைத்துவிடுகிறது. துளைகளுக்கு நடுவே ஃபுளூட்டிங் பிளையரால் சிறு சுருக்கங்கள் கொடுத்தால் அந்த மிகுதி சுருங்கி ரிப் நேராகும். துளைகள் ஒரே கோட்டில் வந்து நிற்கும். சுருக்கத்தைத் துளையின் மேல் கொடுத்துவிடக்கூடாது, ஒவ்வொன்றையும் சிறிதாகக் கொடுத்து இடையிடையே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். மடித்த விளிம்பு 90 பாகையில் இருக்கிறதா என்பதையும் மூலைமட்டத்தால் பாருங்கள். ஆலையிலிருந்து வரும் ரிப்புகளில் அது பெரும்பாலும் சற்று விரிந்தே இருக்கும். இதன் பிறகும் துளை கால் விட்டத்துக்கு மேல் விலகி நின்றால், இடது வலது ரிப்புகளை மாற்றிப் பொருத்தியிருக்கிறீர்களா என்று பார்ப்பது வீண்போகாது.

தகட்டை அழுத்தினால் ‘டப்’ என்று உள்ளே போய் வெளியே வருகிறது

எண்ணெய்க் குப்பியின் அடியை அழுத்துவதுபோன்ற இந்தச் சத்தம், சட்டத்துக்குள் அடங்காத அளவு தகடு மிகுதியாக இருப்பதைச் சொல்கிறது. இந்த மிகுதி மூன்று வழிகளில் வரும். முதலாவது, ரிவெட் அடித்த வரிசை: இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி அடித்தால் தகடு நடுவில் சிறைப்படும், எனவே நடுவிலிருந்து வெளிப்புறமாக அடிக்க வேண்டும். இரண்டாவது, மிகையாக அடிப்பது. ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் தகடு சிறிது நீளும், நூறு ரிவெட்டுகளில் அது கூடிவிடும். மூன்றாவது வெப்பம். அலுமினியம் ஒரு மீட்டர் நீளத்தில் 10 பாகை செல்சியஸ் வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 0.23 மி.மீ. நீளும். மேல்தகடு குளிர்ந்த அறையில் இருக்க, உள்சட்டம் வெயில் படும் சன்னலோரம் சாய்ந்திருந்து உடனே பொருத்தப்பட்டால் இந்த அளவு வேறுபாடு துளைகளில் தெரியாது. ஆனால் அதன் விளைவு, தகடும் சட்டமும் மீண்டும் ஒரே வெப்பநிலைக்கு வரும்போது தளர்வாக வெளிப்படும். இரண்டையும் ஓர் இரவு ஒரே அறையில் வைத்திருந்து பொருத்துங்கள்.

ஏற்கெனவே மூடிய பகுதியில் சத்தம் வந்தால், கை எட்டும் இடமாக இருக்கும் பட்சத்தில் தகட்டின் உட்புறம் சிறிய கோணப் பட்டையை ஒட்டி விறைப்பாக்கலாம். எடை கூடும் இடம் ரடரோ எலிவேட்டரோ ஆனால் அது கீலுக்குப் பின்னால் கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம். எடைச் சமன் பற்றிய பகுதியில் இது மீண்டும் வரும்.

ரடரின் பின்விளிம்பு அலைபோல வளைந்திருக்கிறது

வால் பகுதியில் அதிகம் பேரை வாட்டும் குறை இதுதான். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஆப்பு வடிவ அலுமினியப் பட்டை வைத்து, இருபுறமும் சமமாக அமரும் ரிவெட்டுகளை அடிக்கும் அமைப்பில், ஒவ்வொரு ரிவெட்டும் விளிம்பை அடிக்கும் பக்கத்திலிருந்து சிறிது தள்ளுகிறது. ஒரு முனையில் தொடங்கி வரிசையாக அடித்துக்கொண்டே போனால் அந்தச் சிறு தள்ளல்கள் ஒரே திசையில் சேர்ந்து வில்லாகிவிடும். ஆகவே வரிசையை முதலிலேயே திட்டமிட வேண்டும்.

நேரான, கனமான அலுமினியக் கோணத்தைப் பின்விளிம்பின் துளைகளுக்கு ஏற்பத் துளையிட்டு, பட்டைக்கும் தகடுகளுக்கும் இடையே டேங்க் சீலன்ட்டை (எரிபொருள் தொட்டிகளை அடைக்கும் பசை) மெல்லியதாகப் பூசி, ஒவ்வொரு துளைக்கும் ஒரு கிளிக்கோவால் ரடரைக் கோணத்தோடு பிணைத்து, சீலன்ட் முழுவதும் இறுகும் வரை சில நாட்கள் தொடாமல் விடுங்கள். இருபக்கமும் ஒட்டும் மிக மெல்லிய நாடாவையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். சீலன்ட் அழுக்கானது என்றாலும் இறுகியபின் தகடு நகராது என்பதால் எனக்கு அதன் மேலேயே நம்பிக்கை. பிறகு ரிவெட் அடிக்கும்போது பத்துக்கு ஒன்றாக முதல் சுற்று, அவற்றின் நடுவில் ஒன்றாக அடுத்த சுற்று என்று பரவலாகப் போங்கள். ஒவ்வொன்றையும் முதலில் பாதியளவே அடியுங்கள். வரிசை முழுவதும் பாதி முடிந்த பிறகு ரடரைத் திருப்பிப் போட்டு, தட்டையான செட்டால் முழுமையாக்குங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இழுத்துப் பிடித்து, நூலுக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வில் தோன்றத் தொடங்குவதைக் கண்ணைவிட அந்த எண்கள் முன்னதாகச் சொல்லிவிடும். அப்போது அடுத்த சுற்றை எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்து இழுத்துக்கொள்ளலாம். அடித்து முடித்த பிறகு கண்டுபிடித்தால், மரக்கட்டைகளுக்கு நடுவே பிடித்து மென்மையாக வளைப்பதைத் தவிரச் செய்யக்கூடியது குறைவு.

ஒரே தகட்டை மடித்துப் பின்விளிம்பு அமைக்கும் எலிவேட்டர்களில் குறை வேறு வடிவில் தெரியும். மடிப்புக்குச் சற்று முன்னால் நேர்விளிம்பை வைத்துப் பாருங்கள். தகடு அங்கே உப்பி, விளிம்புக்கு அடியில் ஆடினால் மடிப்பு போதவில்லை. கீல் பொருத்திய இரு பலகைகளுக்கு நடுவே மீண்டும் வைத்து அழுத்த வேண்டும். அந்த உப்பல் கட்டுப்பாட்டுக் கோலின் விசையைக் குறைத்து, கோலைத் தொந்தரவாக இலகுவாக்கும். மிகையாக மடித்து மடிப்பின் ஆரம் கூர்மையாகிவிட்டாலோ பின்னாளில் விரிசல் அங்கே தொடங்கும். மடிப்பதற்கு முன்பே, உட்புறத்தில் எதிரெதிரே வரும் விறைப்புப் பட்டைகளின் முனைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு துளி சீலன்ட் வைத்துவிடுங்கள். பறக்கும்போது தகடு மூச்சுவிடுவதுபோல அசைந்து, கடைசி ரிவெட்டின் அருகே கீறல் விடுவதை அது தடுக்கிறது.

ஸ்டெபிலைசரின் இரு முனைகளும் ஒரே மட்டத்தில் இல்லை

இதற்கு மட்டும் அறிகுறி தெரிந்த பிறகு வழி தேடக்கூடாது. ஒரு தாளைச் சுருட்டிக் குழலாக்கி, ஓரத்தை ஒட்டாமல் முறுக்கிப் பாருங்கள், எளிதாக முறுகும். ஓரத்தை ஒட்டிவிட்டு முறுக்கினால் அசையாது. மேல்தகட்டின் கடைசி வரிசை ரிவெட் அடிக்கப்படும்போது ஸ்டெபிலைசருக்கும் அதுவே நடக்கிறது: அந்த நேரத்தில் அது எந்த முறுக்கில் இருந்ததோ அதே முறுக்கு நிரந்தரமாக உறைகிறது.

எனவே பின் ஸ்பாரை (நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டம்) மூடுவதற்கு முன், இரு முனை ரிப்புகளின் மேலும் ஒரே நீளமுள்ள நேர்கட்டைகளைக் குறுக்கே வைத்து, அவற்றின் மேல் டிஜிட்டல் ரசமட்டத்தை மாற்றி மாற்றி வையுங்கள். மேசை மட்டமாக இருக்கிறதா என்பதை அதற்கும் முன்னால் பாருங்கள். முறுக்கின் பெரும்பகுதி மேசையில்தான் பிறக்கிறது. மட்டத்தை ஒருமுறை வைத்த இடத்தில் அதையே முன்பின் திருப்பி வைத்து இரண்டாம் முறை படித்தால், கருவியின் சொந்தப் பிழையும் தெரிந்துவிடும். வேறுபாடு தெரிந்தால் கிளிக்கோக்களைக் கழற்றி, தகட்டைத் தளர்த்தி, முறுக்கற்ற நிலையில் மீண்டும் பொருத்துங்கள். ஒரு பக்கத்துத் தகட்டை முழுவதும் ரிவெட் செய்துவிட்டு மறுபக்கத்தைத் திறந்தே வைத்திருப்பதும் முறுக்கை வரவழைக்கும். மறுபக்கமும் கிளிக்கோவால் மூடியிருக்கட்டும்.

எலிவேட்டர் இறுக்கமாக அசைகிறது அல்லது ஓரிடத்தில் உரசுகிறது

கீல்கள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதே முதல் சந்தேகம். எல்லாப் பேரிங்குகளின் ஊடாகவும் ஒரு மெல்லிய நூலை இழுத்துக் கட்டினால் எது விலகியிருக்கிறது என்று தெரியும். அங்குலத்துக்கு 28 புரிகள் கொண்ட ராட் எண்ட் பேரிங்கை (புரியிட்ட தண்டின் முனையில் உள்ள கீல் பேரிங்) அரைச் சுற்று திருப்பினால் அது ஏறத்தாழ 0.45 மி.மீ. நகரும், அதற்கும் குறைவான திருத்தம் இதில் கிடையாது. திருத்தியதும் பூட்டு நட்டை இறுக்கிவிட்டு மீண்டும் பாருங்கள், ஏனெனில் இறுக்கும்போதே பேரிங் சற்றுத் திரும்பிவிடுவதுண்டு.

நூல் நேராக இருந்தும் இறுக்கம் நீடித்தால், நடுப் பேரிங்கின் போல்ட்டுக்காகக் கொம்புகளில் (எலிவேட்டரை அசைக்கும் கைபோன்ற உறுப்புகள்) இட்ட துளை விலகியிருக்கிறது. எலிவேட்டர்கள் இரண்டையும் ஸ்டெபிலைசரோடு ஒரே கோட்டில் பிடித்துக் கட்டிவிட்டு, சிறிய வழித்துளையிலிருந்து படிப்படியாகப் பெரிதாக்கிய துளையே சரியாக வரும். உரசல் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் எடைக் கையின் (ஈயக்கட்டியைத் தாங்கிக் கீலுக்கு முன்னால் நீளும் பகுதி) முனையில் இருக்கும். அந்த இடைவெளி ஓய்வு நிலையில் போதுமானதாகத் தோன்றினாலும், முழு மேல், முழுக் கீழ் அசைவுகளிலும் பார்க்க வேண்டும். பெயின்ட்டும் கண்ணாடி இழை முனைகளும் பிறகு அதைக் குறைக்கும்.

தகட்டில் வெண்புள்ளிகள் அல்லது நூல்போன்ற கோடுகள்

பாதுகாப்புக்காக ஒட்டிவந்த பிளாஸ்டிக் படலத்தை மாதக்கணக்கில் விட்டுவைத்திருக்கிறீர்கள். ஈரம் அடியில் சிக்கியிருக்கிறது. உலோகத்துக்கு எதிரான இன்னொரு பட்டறைப் பழக்கம் பென்சில். கிராஃபைட் அலுமினியத்தோடு சேர்ந்து அரிப்பைத் தூண்டும் என்பதால் மார்க்கர் பேனாவையே பயன்படுத்துங்கள். எஃகுக் கம்பளியும் வேண்டாம். அதன் இரும்புத் துகள்கள் தகட்டில் பதிந்து அதே வேலையைச் செய்யும். மேல்தோலாக இருக்கும் தூய அலுமினியப் பூச்சு தகட்டுக் கனத்தில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 5 விழுக்காடே என்பதால், 0.5 மி.மீ. தகட்டில் அது 0.025 மி.மீ.; கீறலைத் தேய்க்கும்போது இதை நினைத்துக் கையை நிறுத்துங்கள், நிறுத்திய இடத்தில் ப்ரைமர் பூசுங்கள்.

எலிவேட்டரைக் கையை விட்டால் பின்விளிம்பு கீழே தொங்குகிறது

ஈயக்கட்டி பொருத்தாத எலிவேட்டர் அப்படித்தான் தொங்கும். பொருத்திய பிறகும் வடிவமைப்பாளர் கேட்கும் சமநிலை வராவிட்டால் ஈயத்தை மாற்ற வேண்டும். இது சொகுசுக்கான வேலையன்று. கீலுக்குப் பின்னால் எடை மிகுந்த பரப்பு, ஒரு வேகத்தைத் தாண்டியதும் ஃப்ளட்டர் எனப்படும் அதிர்வில் இறங்கக்கூடும். அது தொடங்கினால் வால் பகுதி நொடிகளில் பிய்ந்துவிடும். டிரிம் டேபின் (எலிவேட்டரின் பின்விளிம்பில் உள்ள சிறு அசையும் பரப்பு) இணைப்பில் உள்ள ஆட்டமும் அதே அபாயத்தைக் கூட்டுவதால், விரல்களால் அதை அசைத்துப் பார்த்து, ஆட்டம் எந்த மூட்டில் இருக்கிறது என்று கண்டு, ஆணியையோ இணைப்பையோ மாற்றிவிடுங்கள்.

சமன் பார்ப்பதற்குப் பரப்பைத் தன் கீல்களில் உராய்வின்றித் தொங்கவிட வேண்டும். கட்டுப்பாட்டுக் கம்பிகளோ, மின்கம்பியின் விறைப்போ அதைத் தாங்கிப் பிடிக்கக்கூடாது. இந்தக் கணக்கு நெம்புகோல் கணக்குதான். கீலுக்கு 30 செ.மீ. பின்னால் 100 கிராம் பெயின்ட் சேர்ந்தால், 15 செ.மீ. முன்னால் உள்ள எடைக் கையில் 200 கிராம் ஈயம் கூட வேண்டும். ஆகவே ஈயக்கட்டியை ஆரம்பத்திலேயே இறுதி அளவுக்கு அறுத்துவிடாமல் சற்று கனமாகவே விட்டுவைத்து, பெயின்ட், கண்ணாடி இழை முனை, டிரிம் மோட்டார் எல்லாம் ஏறிய பிறகு, துளையிட்டுக் குறைத்துச் சமனுக்குக் கொண்டு வாருங்கள். குறைத்த ஈயத்தின் எடையையும் இறுதிச் சமநிலை அளவையும் கட்டுமானக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். விமானத்துக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் நாளில் இந்தச் சோதனையை முதலிலிருந்து திரும்பச் செய்யும்போது அந்த எண் தேவைப்படும்.